கொறங்காட்டில் முப்பத்தாறு செம்மறி: ஒரு வருட வரவு செலவு

என் தாய்மாமா ஆட்டுக் கணக்கை ஆடி ஒன்றில் தொடங்கி ஆனிக் கடைசியில் முடிப்பவர். வங்கிக்காரர்களின் ஏப்ரல் கணக்கு அவருக்கு ஒத்துவராது. "ஆடிக் காத்து அடிச்சு ஓஞ்சாத்தான் மாப்ள எது நிக்கும், எது போகும்னு தெரியும்" என்பார். 2024 ஆடி முதல் 2025 ஆனி வரைக்குமான நோட்டை அவர் என்னிடம் கொடுத்தது லாப நட்டம் பார்க்க அல்ல. கடன் கேட்டுப் போன இடத்தில் திட்ட அறிக்கை கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அறிக்கையை இரண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் நோட்டை மூட மனம் வரவில்லை. கையேடுகளில் படித்த ஆட்டுக் கணக்குக்கும் இதற்கும் அடிப்படையே வேறாக இருந்தது. நோட்டில் இல்லாதவற்றை மாமாவிடமும் அத்தையிடமும் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்ததுதான் கீழே இருப்பது. முந்தின வருடத்துக் குட்டிகள் சில இதில் கலந்திருக்கும், இந்த வருடத்துக் குட்டிகள் சில அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். ஏறக்குறைய ஈடாகிவிடும் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இடம் திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே, மூலனூர்ப் பக்கம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றி மானாவாரியாகக் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தைத்தான் கொறங்காடு என்கிறோம். மழை வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றி. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த மழைக்குக் கொளுக்கட்டைப் புல் தூர் கட்டும். எவ்வளவு காய்ந்தாலும் வேர் சாகாது, நாலு தூறல் விழுந்தால் ஒரு வாரத்தில் பச்சை காட்டும். இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் கருகிக் கிடக்கும்போது வெள்வேலங்காய் உதிரும். ஆடுகள் மரத்துக்கு மரம் ஓடிப் பொறுக்கித் தின்னும். காட்டைச் சுற்றிலும் கிளுவை வேலி. முள்ளும் கிளையும் பின்னி, குட்டி நுழைய முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கும் உயிர்வேலி.

மாமாவுக்குச் சொந்தமாக 6 ஏக்கர். ஒட்டியே இருக்கும் 4 ஏக்கரைக் குத்தகைக்கு வைத்திருக்கிறார். மொத்தம் 10 ஏக்கரில் 36 தாயாடு, ஒரு பொலிகிடாய். எல்லாம் மேச்சேரி ரகம்: இளம்பழுப்பு நிறம், கொம்பு கிடையாது, கம்பளியும் கிடையாது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த ரகத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இருக்கிறது. மேச்சேரியின் தோலுக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பு உண்டு. இப்போது ஆடு விலை பேசும்போது தோலை யாரும் வாயில் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கணக்கில் வரவு என்றால் குட்டி, கழிவாடு, எரு. வேறெதுவும் இல்லை.

குட்டிக் கணக்கு

வருடத்தில் 39 ஈத்து. அதில் ஒன்று இரட்டை, ஆக 40 குட்டி. பாதி கிடாய், பாதி பெட்டை. செத்தது 6. பிறந்த வாரமே பால் குடிக்கத் தெம்பில்லாமல் போனது ஒன்று, கார்த்திகை மழையில் கழிச்சலும் சளியுமாகப் போனது மூன்று, நாய் கடித்தது இரண்டு. மிச்சம் 34. அதில் 7 பெட்டைகளை மந்தைக்கு நிறுத்திக்கொண்டார். 6 கிழடுகளைக் கழித்ததற்கும், வருட நடுவில் செத்த ஒரு தாயாட்டுக்கும் அவை ஈடு. விற்பனைக்கு வந்தவை 18 கிடாய், 9 பெட்டை.

12 கிடாய்க்குட்டிகளை நாலைந்து மாதத்தில், 12 கிலோவை ஒட்டிய எடையில் விற்றார். சராசரி 5,200 வீதம் 62,400. மீதி 6 கிடாயைப் பத்து மாதம் வளர்த்து 2025 ஜூன் பக்ரீத்துக்குத் தலா 9,000 என்று 54,000. பெட்டைக் குட்டிகள் 9, தலா 4,600 வீதம் 41,400. கழிவாடு 6, தலா 6,000 வீதம் 36,000. எரு 3 டிராக்டர், 4,000 வீதம் 12,000. மொத்த வரவு 2,05,800 ரூபாய்.

செலவுப் பக்கம் இப்படி. குத்தகை ஏக்கருக்கு 3,500, நாலு ஏக்கருக்கு 14,000. சோளத்தட்டும் கடலைக்கொடியும் 22,000. மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு 24,000. குடற்புழு மருந்து, தாது உப்புக் கட்டி, ஊசி மருந்து 7,500. பழைய கிடாயை விற்றுப் புதுக்கிடாய் வாங்கியதில் கைவிட்டுப் போனது 5,000. வேலி ஒதுக்கக் கூலி 6,000. வண்டி வாடகை, சந்தைச் சுங்கம், தரகு 5,400. கரண்ட், கயிறு, கூரை, சில்லறை 4,500. பட்டிக்குக் கம்பிவலை அடித்த 18,000-ஐ ஆறு வருடத்துக்குப் பிரித்தால் இந்த வருடத்துக்கு 3,000. கூட்டினால் 91,400.

கையில் நின்றது 1,14,400 ரூபாய். தாயாடு ஒன்றுக்கு 3,178. மாதத்துக்கு ஒன்பதரை ஆயிரம்.

மாமாவின் நோட்டு இங்கே முடிகிறது. "பரவால்ல, ஒரு லட்சத்துக்கு மேல நின்னுபோச்சு" என்று எழுதாத குறைதான்.

நோட்டில் ஏறாதவை

முதலில் ஆட்டில் போட்ட முதல். 36 தாயாடு, தலைக்கு 8,000 வைத்தால் 2,88,000. கிடாய் 16,000. ஆக 3,04,000 ரூபாய் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கிறது. அதை 9 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் 27,360 வந்திருக்கும். சொந்த நிலம் 6 ஏக்கரை அதே 3,500-க்குக் குத்தகை விட்டிருந்தால் 21,000. இரண்டையும் கழித்தால் 66,040 நிற்கிறது. அது அத்தைக்கும் மாமாவுக்குமான கூலி.

எத்தனை மணி நேரத்துக்கான கூலி? மாமாவைக் கேட்டால், "அதுபாட்டுக்கு மேயுது, நாம என்ன பண்றோம்" என்றார். அத்தையிடம் தனியாகக் கேட்டேன். காலையில் படலை அவிழ்ப்பது, பட்டி கூட்டி எருவை ஒதுக்குவது, தொட்டிக்குத் தண்ணீர் விடுவது, குட்டிகளைத் தாயிடம் விட்டுப் பிரிப்பது, நொண்டுவது எது கழிவது எது என்று பார்ப்பது, சாயங்காலம் எண்ணி அடைப்பது. "ஈத்துக் காலத்துல ராத்திரியும் ரெண்டு தடவ எந்திரிக்கோணும் கண்ணு. அதெல்லாம் எழுதறதா இருந்தா நோட்டுப் பத்தாது." இருவருக்குமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று குறைவாகவே வைத்தேன். வருடத்துக்கு 1,095 மணி. 66,040-ஐ வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். எட்டு மணி நேர நாளாக மாற்றினால் 480.

நூறு நாள் வேலையில் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். அதற்கு இது மேல். ஒரு நல்ல கொத்தனார் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. இந்த மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் வேறு வேலைகளோடு சேர்ந்தே நடக்கிறது. ஆட்டை மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு என்பார்களே, அந்தக் கதை. அந்தச் சௌகரியம் இல்லாத வீட்டில் இதே மந்தை இதே கணக்கைத் தராது.

வேலியின் விலை

இந்தக் கணக்கில் ஒரு செலவு இல்லவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேய்க்கிற ஆள்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கீதாரிகள் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறார்கள். ஆடு மேயும் நேரமெல்லாம் அங்கே மனிதன் கூடவே நிற்க வேண்டும். கொறங்காட்டில் காலை படலை அவிழ்த்து உள்ளே விட்டால், சாயங்காலம்தான் ஆள் வேண்டும். காரணம் கிளுவை. மாமாவின் காட்டைச் சுற்றி ஏறக்குறைய 800 மீட்டர் வேலி நிற்கிறது. அவருடைய அப்பா காலத்தில் கிளையைப் போத்தாக வெட்டி நட்டது. இன்றைக்கு அதே நீளத்துக்குக் கல்தூண் நட்டுக் கம்பிவலை போட மீட்டருக்கு 350 என்று விலை சொன்னார்கள். 2,80,000 ரூபாய், மந்தையின் விலைக்குச் சமம். கிளுவைக்கு வருடம் ஒருமுறை ஆள் விட்டு ஒதுக்கி, ஓட்டை விழுந்த இடத்தில் போத்து நட 6,000 போதுகிறது.

வேலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000-க்குக் குறைந்து மேய்ப்புக்கு ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் பொங்கலுக்குப் போனவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வருடத்துக்கு 1,44,000. கையில் நின்ற 1,14,400-ஐ அது விழுங்கிவிட்டு, மேற்கொண்டு 29,600 நட்டம் காட்டும். நூறு ஆட்டுக்கும் ஓர் ஆள்தான், முப்பத்தாறுக்கும் ஓர் ஆள்தான். அதனால்தான் வேலி இல்லாத ஊர்களில் சின்ன மந்தை வைத்திருப்பவர் தானே மேய்ப்பவராகவும் இருக்கிறார், அல்லது பங்குக்கு விட்டுவிட்டுக் குட்டியில் பாதியை விட்டுக்கொடுக்கிறார்.

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 48 லட்சம் செம்மறி. 2019இல் 45 லட்சம். அதே காலத்தில் நாடு முழுக்கச் செம்மறி எண்ணிக்கை ஏறியிருக்கிறது. கறி விலை இங்கே ஒரு வருடமும் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. விலை ஏறியும் மந்தை குறைகிறது என்றால் முட்டுக்கட்டை சந்தையில் இல்லை. மேய்க்க ஆளும் மேய இடமும்தான் குறைகின்றன.

தாய்க்குப் புல், குட்டிக்கு மூட்டை

வெள்ளகோவில் பக்கம் எங்கள் உறவில் ஒரு தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். நிலம் ஒன்றரை ஏக்கர், கொறங்காடு இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் போட்டுப் பரண் (உயரத்தில் தளம் போட்ட கொட்டகை) கட்டி, 60 தாயாடு இறக்கினான். சுத்தமான கொட்டகை, தண்ணீர்க் குழாய், காதில் எண் வளையம் எல்லாம் உண்டு. இரண்டாம் வருடக் கடைசியில் தாயாடுகள் அத்தனையையும் விற்றுவிட்டான். அவனிடம் குறை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கணக்கே இடம் கொடுக்கவில்லை.

25 கிலோ தாயாடு ஒரு நாளைக்குக் காய்ந்த தீனியாகக் கணக்கிட்டால் 900 கிராம் சுற்றித் தின்னும். 700 கிராம் தட்டு அல்லது கொடி, கிலோ 10 ரூபாய் வீதம் 7 ரூபாய். கால் கிலோ அடர்தீவனம், கிலோ 32 வீதம் 8 ரூபாய். நாளைக்கு 15, வருடத்துக்கு 5,475. அந்தத் தாய் பதிலுக்குத் தருவது என்ன? மாமாவின் மந்தையில் தாய்க்கு 0.94 குட்டி உயிரோடு நின்றது. நாலைந்து மாதத்தில் விற்ற 21 குட்டிகளின் சராசரி விலை 4,943. பெருக்கினால் 4,646. கொட்டகை, கூலி, மருந்து எதையும் சேர்க்காமலே தாய் தின்றது தந்ததைத் தாண்டிவிட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டு தாய்க்கு 1.3 குட்டி எடுத்தாலும் மிஞ்சுவது 951 ரூபாய்தான். அதிலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும்.

மாமா தீனிக்குச் செலவழித்த 46,000-ஐ 36 தாய்க்கு வகுத்தால் 1,278 ரூபாய். இதிலேயே குட்டிகள் தின்றதும் அடக்கம். 5,475-க்கும் இதற்கும் இடையிலுள்ள 4,197 ரூபாயைக் கொளுக்கட்டையும் வெள்வேலங்காயும் கொடுக்கின்றன. 36 ஆட்டுக்கு அது ஒன்றரை லட்சம் ரூபாய்த் தீனி. வருட மிச்சத்தைவிட அதிகம். மாமா ஆடு விற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கணக்குப்படி அவர் புல் விற்கிறார், ஆடு அதைச் சந்தைக்குச் சுமந்து போகும் வண்டி.

வெள்ளகோவில் தம்பி பரணை இடிக்கவில்லை. இப்போது மூன்று மாதக் கிடாய்க்குட்டிகளை வாங்கி நாலு மாதம் வளர்த்து விற்கிறான். ஒரு தடவைக்கு 40 குட்டி. 10 கிலோக் குட்டி 4,600-க்கு வாங்குகிறான். நாளைக்கு 16 ரூபாய்த் தீனி, 120 நாளுக்கு 1,920. மருந்து, வண்டி 250. நாளைக்கு 80 கிராம் ஏறினால் பத்தொன்பதரைக் கிலோவுக்கு வருகிறது. கிலோ 420-க்கு 8,190. தலைக்கு 1,420 நிற்கிறது. நாற்பதில் இரண்டு செத்தால், அதுவரை போட்டதையும் சேர்த்து 11,000 போகிறது. மீதி ஏறக்குறைய 43,000, நாலு மாத வேலைக்கு. அவனுடைய கொட்டகைக் கடனுக்கு இது தாங்குகிறது.

வளர்கிற குட்டிக்கு மூட்டைத் தீனி கட்டுபடியாகிறது, ஏனென்றால் தின்றது கறியாக ஏறுகிறது. தாய்க்குக் கட்டுபடியாகாது, அது தன் உடம்பைத் தாங்கிக்கொள்ளவே பெரும்பகுதியைத் தின்னுகிறது. ஆடு வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் சொல்கிறேன். மேய்ச்சல் நிலம் இருந்தால் தாயாடு வையுங்கள். இல்லையென்றால் குட்டி வாங்கி வளர்த்து விற்றுவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரும் சொந்தப் பசுந்தீவனமும் இருப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி காணலாம். ஆனால் அந்தத் தண்ணீரில் வேறு என்ன விளைந்திருக்கும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

செத்த ஆறு குட்டி

விலை ஏறினால் நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். குட்டி விற்பனை மொத்தம் 1,57,800. விலை 5 சதவீதம் ஏறியிருந்தால் 7,890 கூடியிருக்கும். செத்த ஆறில் மூன்றைக் காப்பாற்றியிருந்தால் 15,000. விலை மாமாவின் கையில் இல்லை, சாவில் பாதி அவர் கையில் இருந்தது.

கார்த்திகையில் போன மூன்றும் ஒரே இடத்தில் போனவை. பட்டியின் தாழ்ந்த மூலையில், ஈரத்தில். குடற்புழு மருந்தை மழைக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும், அந்த வருடம் நோம்பி (பண்டிகை) வேலையில் இருபது நாள் தள்ளிப்போய்விட்டது. துள்ளுமாரித் தடுப்பூசி மழைக்கு முன்பும், ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி வரும்போதும் கால்நடைத்துறையில் போட்டுவிடுகிறார்கள், செலவில்லை. வடகிழக்கு மழையோடு வரும் நீலநாக்கு இந்த முறை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வந்திருந்தால் இந்த ஆய்வை வேறு மாதிரி எழுதியிருப்பேன். கடிபூச்சி பரப்புகிற நோய் அது. வாய் வீங்கி, கால் நொண்டி, தாயாடே மேய முடியாமல் விழுந்துவிடும். ஒரு வருடத்துக் குட்டி போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். தாய் போனால் எட்டாயிரம் முதலும் போய், அடுத்த ஈத்தும் போகிறது.

மழைக்குப் பிறகு மாமா செய்தது ஒன்றுதான். அந்த மூலையில் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி மேடாக்கினார். அந்தச் செலவு ஏன் நோட்டில் இல்லை என்று கேட்டேன். "அது ஊட்டு வேலைக்குக் கொண்டாந்ததுல மிச்சம்" என்றார்.

நாய் விஷயம் தனி. கடித்த இரண்டில் ஒன்று பக்ரீத்துக்கு என்று நிறுத்தியிருந்த கிடாய். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் கடந்த சில வருடங்களில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பத்து, இருபது என்று கொன்றுபோட்ட சம்பவங்கள் நடந்தன. சந்தை விலைக்கு இழப்பீடு கேட்டுச் செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். நாய் தின்பதற்காகக் கடிப்பதில்லை. குரல்வளையைக் கவ்விப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. தப்பித்த சினையாடுகளும் பயத்தில் குட்டி வீசிவிடும், அதை எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் எழுத இடமில்லை. நாயை எல்லா நேரமும் கிளுவை தடுத்துவிடாது. அடித்தூரில் ஒரு சந்து போதும். அதனால்தான் 18,000-க்குப் பட்டிக்கு மட்டும் வலை. பகலில் இன்னும் பயம்தான்.

சந்தையும் தராசும்

கன்னிவாடிச் சந்தையில் ஆட்டை எடை போட்டு விற்பதில்லை, மதிப்புப் போட்டுத்தான் விற்கிறார்கள். வியாபாரி வந்து இடுப்புச் சதையைப் பிடித்துப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆடு பிடிக்கிற கைக்கும், இருபத்தேழு விற்கிற கைக்கும் நடக்கிற போட்டி அது.

மாமா 1,800 ரூபாய்க்கு ஒரு தொங்குதராசு வாங்கினார். ஐப்பசியில் 5 கிடாய்க்குட்டி கொண்டுபோன நடையில் வியாபாரி 25,000 என்றார். வீட்டில் எடை போட்டுப் பார்த்தது 63 கிலோ, கிலோ 420-க்கு 26,460. "அறுவத்திமூணு கிலோ நிக்குது, தூக்கிப் பாருங்க" என்று மாமா சொன்னதும் பேச்சு மாறி 26,000-க்கு முடிந்தது. இரண்டு நடையில் தராசு விலை கழிந்துவிட்டது. ஆனால் இதைப் பெரிதாக்க மாட்டேன். புரட்டாசியில் தராசு வைத்திருந்தாலும் விலை கிடைக்காது. கறி தின்னாத மாதம், வாங்க ஆள் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரம் வந்து புரட்டாசியில் ஆடு ஓட்டிப்போகிறவர், தீபாவளிக்கு ஓட்டிப்போகிறவரிடம் தோற்றுத்தான் ஆகவேண்டும். மாமா அந்த மாதம் ஒரு ஆடும் விற்கவில்லை. நெருக்கடி இல்லாததே அவருக்குக் கிடைத்த விலை.

பக்ரீத் கிடாய்களில் தலைக்கு 9,000 வந்தது என்றேன். ஐந்து மாதத்திலேயே விற்றிருந்தால் 5,200. கூடுதல் 3,800-இல், மேய்ச்சலோடு சேர்த்து வைத்த தீனிக்கு நாளைக்கு 12 வீதம் 150 நாளுக்கு 1,800 போனால் 2,000 மிச்சம். ஆறு கிடாயில் 12,000. நாய் கடித்த ஏழாவது கிடாய் அதில் பாதியைத் தின்றுவிட்டது.

பக்ரீத் வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் நகரும். 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. பத்து மாதக் கிடாய் வேண்டும் என்றால் முந்தின ஆகஸ்ட்டில் பிறந்திருக்க வேண்டும், அதற்கு மார்ச் தொடக்கத்தில் சினை பிடிக்க வேண்டும். செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். மாசிக் கடைசி வறண்ட காலம், தாய் மெலிந்திருக்கும், கிடாய் சேர்ந்தாலும் பாதிதான் நிற்கும். இன்னும் நாலைந்து வருடத்தில் இந்தக் கெடு தை மாதத்துக்கு வந்துவிடும். மழைப்புல் தின்று தாய் நல்ல சதையில் இருக்கும் நேரம். நாள்காட்டி ஒருமுறையாவது நம் பக்கம் வருகிறது.

திட்டமும் குத்தகையும்

கடன் கேட்டுப் போன கதைக்கு வருகிறேன். 2021இல் திருத்திய தேசிய கால்நடை இயக்கத்தில் செம்மறிப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் உண்டு. ஆனால் கீழ்ப்படி 100 தாய், 5 கிடாய். மானியம் 10 லட்சம் வரை. மேல்படி 500 தாய், 25 கிடாய், 50 லட்சம் வரை. 2011இல் மாநிலம் தொடங்கிய விலையில்லா ஆடுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடு கொடுத்தார்கள். நாலுக்கும் நூறுக்கும் நடுவில் முப்பத்தாறு நிற்கிறது. மாமா நூறு வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பத்து ஏக்கர் கொறங்காடு நூறு தாயைத் தாங்காது. இரண்டு வருடத்தில் கொளுக்கட்டைத் தூர் செத்து, மண் தெரிய ஆரம்பித்துவிடும். பிறகு மூட்டைத் தீனி, பிறகு வெள்ளகோவில் தம்பியின் கணக்கு.

மாமா கேட்டது அந்த மானியத்தை அல்ல. குத்தகை நாலு ஏக்கரை நிலக்காரர் விற்கப்போகிறார் என்று பேச்சு. சுற்று வட்டாரத்தில் கொறங்காடுகள் காற்றாலைக்கும் சோலார் பலகைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அதை வாங்கத்தான் கடன். அந்த நாலு ஏக்கர் போய்விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு ஏக்கருக்கு 22 தாய்தான் நிற்கும். வரவு 1,25,800 சுற்றி வரும். தீனி, மருந்து, சந்தைச் செலவு அதே விகிதத்தில் 36,000. வேலி, கிடாய், கரண்ட், வலை என்று குறையாத செலவு 18,500. மிச்சம் 71,000. இப்போதைக்கும் அதற்கும் 43,000 வித்தியாசம். அப்படியானால் ஏக்கருக்கு 3,500 இல்லை, 14,000 வரை குத்தகை கொடுத்தாலும் இப்போதைய மந்தை, சிறிய மந்தைக்குக் கீழே போகாது. இருவரின் வேலை நேரமோ 22 ஆட்டுக்கும் அதே மூன்று மணிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"பதினாலாயிரம்னு நீ அவருகிட்டச் சொல்லிப்போடாத" என்றார் மாமா. ஆறாயிரத்தில் பேச்சைத் தொடங்கியிருக்கிறார். சோலார்க்காரர்கள் தருவதாகச் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில் பதினாலும் நிற்காது என்பது அவருக்கும் தெரியும். புல்லை நம்பி அந்த விலைக்கு நிலம் வாங்கினால் வட்டி கட்டவே ஆடு பத்தாது என்பதை அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். கடன் கேட்டவருக்கே எதிராக எழுதப்பட்ட திட்ட அறிக்கை அதுவாகத்தான் இருக்கும். மாமா கோபித்துக்கொள்ளவில்லை, அத்தைதான் சிரித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. சொந்த ஆறு ஏக்கருக்கும் குத்தகை நாலு ஏக்கருக்கும் நடுவில் இதுவரை வேலி கிடையாது, தேவைப்பட்டதில்லை. அந்த எல்லையில் மாமா கயிறு பிடித்து, ஒரு முழத்துக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து நட்டுக்கொண்டிருந்தார். இது ஆடு தாண்டாத அளவுக்கு நெருங்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். அஞ்சாறு வருசம் ஆகும் என்றார், குனிந்தபடியே. நிலக்காரர் தையில் முடிவு சொல்கிறாராம்.